தண்ணீரால் காற்றை உலர்த்தியவர்

வில்லிஸ் கேரியர் என்றதும் குளிர்சாதனத்தின் தந்தை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். இயந்திரப் பொறியியல் பயிலும் எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது தண்ணீரோடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1876-இல் நியூயார்க் மாநிலத்தின் அங்கோலாவில் பிறந்தவர். 1901-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே புருக்ளின் அச்சகம் ஒன்றின் சிக்கல் அவரிடம் வந்தது. காற்றின் ஈரம் ஏறி இறங்கத் தாளும் விரிந்து சுருங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வண்ணங்கள் இடம் விலகின. குளிர்ந்த கிணற்றுநீர் ஓடும் குழாய்ச்சுருள்களின் மீது காற்றைச் செலுத்தினார். துணைக்கு ஓர் அமோனியா இயந்திரம். எல்லாம் மனிதருக்காக அல்ல, தாளுக்காக!

பிறகு செய்ததுதான் விந்தை. காற்றை உலர்த்த அதில் தண்ணீரையே தெளித்தார். தே ஓ ஐஸ் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. தெளிக்கும் நீர் போதிய அளவு குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு துளியும் அந்தக் குவளையின் வேலையைச் செய்யும். நீரின் வெப்பநிலையை மாற்றினால் காற்றின் ஈரம் நம் கட்டுப்பாட்டில். 1906-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1911-இல் அவர் வெளியிட்ட ஈரப்பதச் சூத்திரங்களின் வழிவந்த சைக்ரோமெட்ரிக் வரைபடத்தோடுதான் நாங்கள் இன்றும் தேர்வில் போராடுகிறோம்.

1915-இல் ஆறு சகாக்களுடன் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1922-இல் மையவிலக்குக் குளிர்விப்பான் வந்தது. அங்காடிகளும் திரையரங்குகளும் குளிர்ந்தன.

வானளாவிகள் மட்டும் வழிவிடவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்கள், வாடகைக்கு விடவேண்டிய இடத்தைத் தின்றன. ஒரே கன அளவில் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். எனவே 1939-இல் வேலையைப் பிரித்தார். மூச்சுக்கு வேண்டிய காற்று மட்டும் சிறு குழாய்களில் அதிவேகமாகப் போனது. கோடையில் குளிர்நீரும் குளிர்காலத்தில் வெந்நீரும் சன்னலடிப் பெட்டிகள்வரை சென்றன. காற்று பீறிடும் வேகமே அறைக்காற்றையும் இழுத்துச் சுருளின்மீது விட்டது. பெட்டிக்குள் விசிறியே இல்லை!

குறை இல்லாமலில்லை. அந்த வேகத்துக்கு மைய விசிறிகள் மின்சாரத்தை விழுங்கின. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அம்முறை செல்வாக்கிழந்தது. கேரியர் அதைக் காணவில்லை, 1950-இல் மறைந்துவிட்டார். காற்றுக்கு ஒரு வழி, வெப்பத்துக்குத் தண்ணீர் என்ற அவருடைய பிரிவினை மட்டும், இன்றைய குளிர்நீர் உத்தர அமைப்புகளில் குறைந்த அழுத்தத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறது.