புரட்டுப் பேசாத பாரிஸ்டர்

1891-ம் ஆண்டு லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார், ஓர் இந்திய இளைஞர். அவர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். வாய் திறக்க முடியவில்லை! வாங்கிய 30 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோர்ட்டை விட்டு வெளியேறினார்.

1893-ல் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே தாதா அப்துல்லா என்ற வியாபாரி, தம் உறவினர் தயாப் சேட் மீது 40,000 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். வழக்கு வளர வளர வக்கீல் செலவும் வளர்ந்தது. இப்படியே போனால் இருவருமே அழிவார்கள் என்று காந்தி கண்டார். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார்.

தாதா அப்துல்லாவுக்கே வெற்றி. 37,000 பவுனும் செலவும் தயாப் சேட் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் கொடுத்தால் அவர் திவால்! தவணை கொடுக்கும்படி காந்தி தம் கட்சிக்காரரிடமே மன்றாடினார். அவரும் இணங்கினார்.

கணக்கில் பிழை

பின்னர் தென் ஆப்பிரிக்காவிலேயே காந்தி வக்கீல் தொழில் நடத்தினார். ஒரு வழக்கில் மத்தியஸ்தர்கள் அவர் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் கணக்கில் ஒரு சிறு பிழை. பற்றில் இருக்க வேண்டிய தொகை வரவில் ஏறியிருந்தது!

அதைச் சொல்லக் கூடாது என்றார், பெரிய வக்கீல். சொன்னால் தீர்ப்பு முழுவதுமே ரத்தாகலாம் என்று எச்சரித்தார். சொல்லியே ஆக வேண்டும் என்றார், காந்தி. கட்சிக்காரரோ, தோற்றாலும் பரவாயில்லை, நீங்களே வாதாடுங்கள் என்று காந்தியிடம் வழக்கை ஒப்படைத்தார்.

கோர்ட்டில் காந்தி பிழையை எடுத்துச் சொன்னதும், இது ஏதோ வக்கீல் தந்திரமோ என்று ஒரு நீதிபதி சந்தேகித்தார். காந்திக்கு உள்ளம் கொதித்தது. ஆயினும் பொறுமையோடு முழுவதையும் விளக்கினார். நீதிபதிகளின் சந்தேகம் தீர்ந்தது.

அந்தச் சிறு பிழையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பையே கவிழ்க்கப் பார்த்தார், எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதிகள் இடம் கொடுக்கவில்லை. பிழையை மட்டும் திருத்தி, தீர்ப்பை உறுதி செய்தார்கள்!

சமரசமே வெற்றி

சுமார் 20 ஆண்டுகள் காந்தி வக்கீலாக இருந்தார். நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகத் தீர்த்து வைத்தார். அதனால் அவருக்குப் பண நஷ்டம்கூட ஏற்படவில்லை.

வேலித் தகராறு, வரப்புத் தகராறு என்று கோர்ட்டுப் படி ஏறுவோர், காந்தியின் இந்த வக்கீல் வாழ்க்கையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால், எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்!