தாலந்தைப் புதைக்காத மனிதர்



டிப்ளமோ முடிச்சதும் என்ன செய்யப் போறே என்று நம்மில் யாரைக் கேட்டாலும் நல்ல கம்பெனி, நல்ல சம்பளம் என்றுதான் பதில் வரும். அதில் தப்பே இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டை நாம்தானே நிமிர்த்த வேண்டும்? ஆனால் கற்றது நமக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்காவின் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அவர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாளை யார் எழுதி வைப்பாங்க? 1864-ஐ ஒட்டி, மிசூரி மாநிலத்தில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயியின் பண்ணையில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கொள்ளைக்கூட்டம் தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தது. தாய் மேரி என்ன ஆனார் என்று கடைசி வரை தெரியவில்லை. மோசஸும் அவர் மனைவி சூசனும்தான் ஜார்ஜை வளர்த்தார்கள்.

நோஞ்சான் பிள்ளை என்பதால் வயல் வேலை இல்லை. சமையல், துணி துவைத்தல், தையல் எல்லாம் கற்றார். மீதி நேரமெல்லாம் செடிகளோடுதான். வாடிப்போன செடிக்கு என்ன செய்யலாம் என்று அக்கம்பக்கத்தார் இந்தச் சிறுவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள். செடியைப் புரிந்துகொள்ளும் வரம் அப்போதே அவரிடம் இருந்தது.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பர்களுக்கு இடம் இல்லை. சுமார் 8 மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் ஒரு பள்ளி இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயசில் நடந்தே அங்கு போனார். மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பின மருத்துவச்சி வீட்டில் அடைக்கலம் கிடைத்தது. கற்றதைத் தன் மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் மனசில் விதைத்தது அந்த அம்மாள்தான்.

பிறகு கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகப் படித்தார். ஒரு கல்லூரி கடிதம் மூலம் இடம் கொடுத்தது. நேரில் போய் நின்றதும் நிறத்தைப் பார்த்து வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது! மனம் உடைந்தும் விடவில்லை. 1890-ல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். துணி துவைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். அவர் வரைந்த செடிகளைப் பார்த்த ஓவிய ஆசிரியை, தாவரவியல் படிக்கும்படி வழிகாட்டினார். 1891-ல் அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதல் கறுப்பின மாணவர் அவர். 1894-ல் இளநிலைப் பட்டம், 1896-ல் முதுநிலைப் பட்டம். அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

இங்கேதான் திருப்பம். 1896-ல் அலபாமாவிலிருந்து ஓர் அழைப்பு. அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன், டஸ்கிகி என்ற இடத்தில் கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு கல்வி நிலையம் நடத்தி வந்தார். நம்ம பாலிடெக்னிக் மாதிரி கைத்தொழிலும் கற்றுக்கொடுக்கும் இடம். மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் கட்டினார்கள். கார்வர் வசதியான வேலையை விட்டார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்ற தூரிகையையும் ஓரம் வைத்தார். கடவுள் தன்னை இதற்காகத்தான் படிக்க வைத்தார் என்று நம்பிக் கிளம்பினார்.

போய்ப் பார்த்தால் லேப் இல்லை! குப்பையில் கிடந்த பாட்டில்களையும் மூடிகளையும் மாணவர்களோடு பொறுக்கி வந்து கருவிகளாக்கினார். வெளியே நிலைமை இன்னும் மோசம். வருஷா வருஷம் பருத்தியே போட்டு மண் செத்துக் கிடந்தது. தட்டைப்பயறு, நிலக்கடலை போடுங்கள் என்றார். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். மண்ணுக்கு உரம், வீட்டுக்குச் சாப்பாடு.

படிக்கத் தெரியாத விவசாயி கல்லூரிக்கு எப்படி வருவார்? கல்லூரியே அவரிடம் போகட்டும் என்று 1906-ல் விதைகளும் கருவிகளும் ஏற்றிய குதிரை வண்டி ஊர் ஊராகக் கிளம்பியது. எளிய நடையில் 44 சிறு வெளியீடுகள் எழுதினார். 1916-ல் வந்தது நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகள் சொன்னது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று பலர் சொல்லுவாங்க. அது உண்மையில்லை. அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

அவருக்கு எல்லாமே கைவந்ததா? இல்லை. கோழிப்பண்ணை நிர்வாகத்தில் சொதப்பி, புக்கரிடம் பலமுறை திட்டு வாங்கினார். ஒருவருக்கே எல்லா வரமும் கிடையாது, ஒருவர் குறையை மற்றவர் நிரப்பணும். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் 12-ஆம் அதிகாரத்தின் சாரமும் இதுதான். பிரசங்கம் செய்வது மட்டும் வரம் அல்ல. கற்றுக்கொடுப்பதும், கொடுத்து உதவுவதும், பணிவிடை செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கு. கார்வர் விடியுமுன் காட்டில் நடந்து ஜெபித்தார். ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு வேதபாடம் நடத்தினார். ஆனால் அவருடைய பெரிய ஊழியம் நடந்தது வயலில்தான்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் அவர் பெற்ற காப்புரிமை வெறும் 3. திருமணம் செய்யவில்லை. பழைய கோட்டு, சட்டையில் ஒரு பூ, அவ்வளவுதான் அலங்காரம். 1940-ல் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி வாழ்நாள் சேமிப்பை அதற்கே கொடுத்தார். 47 ஆண்டு டஸ்கிகியில் உழைத்து 1943 ஜனவரி 5-ல் மறைந்தார். புக்கருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இயேசு சொன்ன உவமையில் ஒருவன் தன் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தான். கார்வர் தன் தாலந்தை மண்ணில் விதைத்தார். புதைத்ததற்கும் விதைத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்!

நண்பர்களே, வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் நம்மில் நிறையப் பேர். நாம் சம்பாதிப்போம், வீட்டை நிமிர்த்துவோம். அதோடு நின்றுவிட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஃபேனைச் சரிசெய்து தரலாம். அரியர் வைத்த தம்பிக்கு இன்ஜினியரிங் டிராயிங் சொல்லித் தரலாம். எந்த மதத்தவராக இருந்தாலும் கையில் இருக்கும் திறமை நாம் மட்டும் சம்பாதித்தது இல்லை. நமக்குக் கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டதைக் கொடுப்போம்!