கணிதமேதை இராமானுஜனும் நம் பிள்ளைகளின் கணக்கும்



யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகும் கணக்கு நம்மை விட்டபாடில்லை. முழுத் தங்கும் பள்ளிகளில் படிவம் ஒன்றில் சேர விரும்பும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நுழைவு மதிப்பீடு எழுத வேண்டியிருக்கிறது. அதில் கணக்குக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்படியிருக்க, மாலை வகுப்பில் ஒவ்வொரு பிரச்சனைக் கணக்குக்கும் வழிமுறையை வரி வரியாக எழுதச் சொல்லிப் பிள்ளையை ஏன் வாட்டுகிறீர்கள் என்று எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இராமானுஜன் கதையைச் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் கணக்கர். வசதி இல்லாத குடும்பம். 1897இல் தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். ஒருமுறை கணக்கில் கூடப் படித்த நண்பன் தன்னைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் வாங்கிவிட்டான் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாராம். மேதையும் ஒரு காலத்தில் நம்ம வீட்டுப் பையன் மாதிரிதான்!

ஏறக்குறைய பதினாறு வயதில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் கார் என்ற ஆங்கிலேயர். (ரோட்டில் ஓடுகிற கார் இல்லை, மாணவர்களே!) அவர் லண்டனில் தேர்வுக்குத் தனிவகுப்பு நடத்தியவர். இன்றைய டியூஷன் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கிடையாது; இருந்தாலும் ஒரு குறிப்போடு சரி. இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார் என்பதை எல்லாரும் விரும்பிச் சொல்கிறோம். அவரே அப்படி நம்பியவர்தான். ஆனால் பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதை ஏனோ யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

தாள் விலை அதிகம். ஆகவே கற்பலகையில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். விடை கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். நடுவில் வந்த வழிமுறை எல்லாம் முழங்கையோடு போயிற்று.

1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1907இல் மறுபடி எழுதியும் கைகூடவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, சில நாள் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். இந்தப் பகுதியை நான் வகுப்பில் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். மற்ற பாடத்தை விட்டாலும் மேதையாகலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கூடவே நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள். முன்னதாகக் கேம்பிரிட்ஜிலேயே இரண்டு கணிதவியலாளர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டியும் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து அசந்துபோனார்கள். உடனே ஹார்டி கேட்டது என்ன தெரியுமா? வழிமுறை! நிறுவலை அனுப்பச் சொன்னார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியவற்றில் சில தவறு என்றும் பிறகு தெரிந்தது.

1914 மார்ச் 17இல் கப்பல் ஏறினார். 1916இல் ஆய்வுக்காகவே பட்டம் கொடுத்தார்கள். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆனால் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், நோயும் அவரை உருக்கிவிட்டன. 1919இல் ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26இல் காலமானார். வயது 32தான்.

அவர் விட்டுச்சென்ற நோட்டுகளில் விடைகள் இருந்தன, வழி இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அவற்றுக்கு நிறுவல்களைத் திரட்டி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முழங்கையால் அழித்ததை மீட்க எத்தனை பேர் உழைப்பு, எத்தனை வருடம் பாருங்கள்!

என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 248 செம்பனைக் குலைகள், ஒவ்வொன்றும் 15 கிலோ, மொத்த எடை எவ்வளவு என்று ஒரு கணக்கு. அவன் 3720 என்று மட்டும் எழுதியிருந்தான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா என்று அதட்டிவிட்டேன். கண் கலங்கி நின்றவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். 250 குலை என்றால் 3750, இரண்டு குலைக்கு 30 கழித்தேன் டீச்சர் என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த இரண்டு வரியை அவன் தாளிலேயே எழுதியிருந்தால் அவனுக்கும் அழுகை இல்லை, எனக்கும் வெட்கம் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலும் இதுதான்.

கடைசியாக ஒரு புதிர். 1914இல் கேம்பிரிட்ஜில் நண்பர் மஹலனோபிஸ் பத்திரிகையில் பார்த்து இராமானுஜனிடம் கேட்டது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். அது எந்த வீடு? அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே இராமானுஜன் விடை சொன்னார்: 288 வீடுகள், 204ஆம் வீடு. இதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் பொதுவான வழியையே சொல்லிவிட்டார்.

உங்களுக்குச் சின்னத் தெரு தருகிறேன். எட்டு வீடு இருந்தால் ஆறாவது வீடு: 1+2+3+4+5=15, 7+8=15. சரி, 49 வீடுகள் இருந்தால் எந்த வீடு? விடுமுறை முடிந்து வரும்போது வழிமுறையோடு எழுதிக் கொண்டு வாருங்கள்.