சொல்லுக்கும் இசைக்கும் தவமிருந்த துறவி

1892-ஆம் ஆண்டில் உலகின் இரு வேறு திசைகளில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில். மற்றொன்று, நம் மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, கல்முனையை அடுத்த காரைதீவில். இருவருமே சொற்களின் மீதும் ஓசைகளின் மீதும் தீராக் காதல் கொண்டவர்களாய் வளர்ந்தனர். இருவருடைய வளர்ச்சியிலும் கத்தோலிக்கக் குருக்களுக்குப் பங்கு இருந்தது.

முன்னவர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். பன்னிரண்டு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த அவரைப் பாதுகாவலராய் நின்று வளர்த்தவர் பிரான்சிஸ் மார்கன் என்னும் குரு. சிறு பருவம் முதலே புதிய மொழிகளைக் கற்பனையில் படைப்பது டோல்கீனின் பொழுதுபோக்கு. அவற்றுக்கென ஒலிகளையும் சொற்களையும் இலக்கணத்தையும் அவரே வகுத்தார். தாம் படைத்த குவென்யா என்னும் மொழியில், 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என நாம் சொல்லும் செபத்தையும் மங்கள வார்த்தை செபத்தையும் மொழிபெயர்த்தும் வைத்தார்.

பின்னவரின் இளமைப் பெயர் மயில்வாகனம். சுவாமி விபுலானந்தர் என்று தமிழுலகம் போற்றும் பெருமகன் இவரே. இவரும் சொற்களை ஆக்கினார், ஓசைகளைத் தேடினார். ஆனால் ஒருவரும் பேசாத கற்பனை மொழிக்காக அன்று. ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் தம் தாய்மொழிக்காக. அதுவே இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு.

சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனான மயில்வாகனம், கல்முனையில் மெதடிஸ்த சபையாரின் பள்ளியில் பயின்று, பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரி அது. அங்கே பொனல் அடிகளார் போன்ற ஆசிரியர்களிடம் கணிதமும் அறிவியலும் கற்று, 1908-இல், தமது பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்டார். அன்று முதல் விபுலானந்தர் என்னும் பெயர் நிலைத்தது.

இங்கே சிலர் ஒரு கேள்வி எழுப்பலாம். நம் குருக்கள் கற்பித்த மாணவர் இந்துத் துறவியானார் என்றால், அக்கல்விப் பணி பலனளித்ததா? பலனளித்தது என்பதே என் பதில். உண்மையைத் தேடும் வேட்கையையும், கற்றதைப் பிறருக்கு ஈயும் மனத்தையும் ஒரு பள்ளி மாணவனுக்குத் தருமானால், அது நற்செய்தியின் பணியைச் செய்கிறது. விதைப்பவர் விதைக்கிறார், விளைச்சலைத் தருபவர் இறைவன். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929-இல் விபுலானந்தர் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்போதும், அருகிலிருந்த திருவேட்களத்தில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளை நாடிச் சென்று எழுத்தறிவித்தார். சிறியோரைத் தேடிச் செல்லும் அன்பு எந்த மனிதரிடம் காணப்பட்டாலும், அங்கே இறைவனின் ஆவியார் செயலாற்றுகிறார் அன்றோ!

அக்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத ஏழைப் பிள்ளைக்கு அறிவியலின் கதவு அடைபட்டுக் கிடந்தது. தமிழில் கற்பிக்கலாம் என்றால், அதற்கான சொற்கள் எங்கே? பிறமொழிச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்வோம் என்றார் சிலர். வடசொற்களைக் கொண்டு ஆக்குவோம் என்றார் வேறு சிலர். தமிழ் வேர்களிலிருந்தே ஆக்க முடியும் என்றார் மற்றும் சிலர். இச்சூழலில் 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் அம்முயற்சி, ஏறத்தாழ 10,000 கலைச்சொற்கள் கொண்ட தொகுதியாக 1938-இல் வெளிவந்தது.

புதுச்சொல் ஆக்குவது எளிய செயல் அன்று. அச்சொல் பொருளைத் தெளிவாய்க் காட்ட வேண்டும். நாவுக்கு இசைய வேண்டும். அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க இடம் தர வேண்டும். இன்றும் இவ்வழிகள் ஒன்றோடொன்று கலந்தே நடக்கின்றன. தமிழகத்தில் ஒளிச்சேர்க்கை என்று படிக்கும் பாடத்தை, இலங்கையில் நம் பிள்ளைகள் ஒளித்தொகுப்பு என்று படிக்கின்றனர். ஒட்சிசன், ஐதரசன் போன்ற சொற்களோ பிறமொழி ஒலியைத் தமிழ் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டவை.

சொற்களுக்கு உழைத்த துறவி, இழந்துபோன ஓசைக்கும் உழைத்தார். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. அதை மீட்டிக் காட்ட எவரும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் காணும் இசைக் குறிப்புகளே அவருக்குத் திறவுகோலாயின. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களும் எந்தெந்த இடைவெளியில் நின்று ஒலித்திருக்கும் என்பதை, மிக்கேல் கல்லூரி நாள் முதல் தாம் பயின்ற கணிதத்தையும் இயற்பியலையும் கொண்டு ஆராய்ந்தார். பேரியாழ், மகர யாழ், சகோட யாழ், செங்கோட்டு யாழ் முதலியவற்றின் அமைப்பை விளக்கினார்.

மட்டக்களப்பு வாவியின் நிலவொளி இரவுகளும் அவரது செவியைப் பழக்கியிருக்க வேண்டும். நீருக்கடியிலிருந்து எழும் மெல்லிசையைக் கேட்டு, நீரரமகளிர் பாடுவதாக அவர் கவிதை புனைந்தார். மீன் பாடும் தேன்நாடு என்று நாம் பெருமையோடு சொல்லும் அதே இசையை, 1950-களில் இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார். ஒரு வாவியின் ஓசைக்கு இந்துத் துறவி ஒருவரும் கத்தோலிக்கக் குரு ஒருவரும் செவிமடுத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்தர், உடல் நலிந்த நிலையிலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பல்லாண்டு உழைப்பின் பயனான யாழ் நூல், 1947 சூன் மாதம் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவரது ஆய்வின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே மீண்டும் ஒலித்தன. ஆறு வாரங்களே கடந்தன. சூலை 19-ஆம் நாள் கொழும்பில் அவர் உயிர் துறந்தார். அவரது உடல், கல்லடியில் அவர் எழுப்பிய வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, தொடக்கநூலில், தாம் படைத்த விலங்குகளையும் பறவைகளையும் ஆண்டவர் மனிதனிடம் கொண்டுவருகிறார். அவன் எப்பெயரிட்டு அழைக்கிறானோ அதுவே அவற்றின் பெயராகிறது. பெயரிடும் உரிமையை மனிதனுக்கு இறைவனே தந்தார். அறிவியலின் புதுமைகளுக்குத் தமிழில் பெயர் தேடியவர்களும் அவ்வுரிமையையே பயன்படுத்தினர்.

நம் வழிபாட்டு மொழியையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டன்மார் பூசை என்றதை நாம் திருப்பலி என்கிறோம். தேவதிரவிய அனுமானம் என்றதைத் திருவருட்சாதனம் என்கிறோம். சுவிசேஷம் நற்செய்தியாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இச்சொற்கள் ஆலயங்களில் ஒலித்தபோது, முதியோர் பலருக்கு அவை அந்நியமாகவே தோன்றின. இன்று நம் பிள்ளைகள் வேறு சொல்லை அறியார். புதுச்சொல் ஒன்று உயிர் பெறுவது, அதை ஆக்கிய அறிஞரின் ஏட்டில் அன்று. அதைச் சொல்லிச் செபிக்கும், சொல்லிக் கற்கும் மக்களின் நாவில்தான்.

ஆகவே பெற்றோரே, உங்கள் இல்லங்களில் மாலைச் செபம் தமிழில் ஒலிக்கட்டும். பிள்ளை பள்ளியில் கற்ற அறிவியல் செய்தியை, இரவு உணவின்போது தாய்மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறினால் நகைக்காதீர்கள். அவனோடு சேர்ந்து தேடுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் பேரப்பிள்ளைகளை உடையோர், தொலைபேசியில் ஒரு மங்கள வார்த்தை செபத்தையேனும் அவர்களோடு சேர்ந்து தமிழில் சொல்லுங்கள். விபுலானந்தர் இழந்த ஓசையை மீட்கப் பல்லாண்டுகள் உழைத்தார். நம்மிடம் இன்னும் இழக்காத ஓசை இருக்கிறது. அதைக் காத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.