மும்தாஜைக் கொன்ற 14-வது பிரசவம்

தாஜ்மகாலைப் பார்ப்பவர்கள் காதலைப் பேசுவார்கள். அங்கே உறங்கும் மும்தாஜ் எப்படி மாண்டாள் என்று பேசுவோர் குறைவு.

அர்ஜுமந்த் பானு என்பது அவள் இயற்பெயர். 1612-ல் ஷாஜகானை மணந்தாள். கணவர் போருக்குப் போனால் அவளும் போவாள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும்! 19 ஆண்டுகளில் 14 பிரசவம். பிழைத்து வளர்ந்தவை ஏழே குழந்தைகள்.

1631 ஜூன். பர்ஹான்பூரில் முகாம். வலி ஒரு நாளுக்கு மேல் நீடித்தது. பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை.

பல பிள்ளை பெற்ற கருப்பை சோர்ந்து, பிரசவத்துக்குப் பின் சுருங்காமல் போவதுண்டு. அப்போது ரத்தம் கொட்டும். இன்று ஊசி போடலாம், ரத்தம் ஏற்றலாம். அன்று சக்கரவர்த்தியின் வைத்தியர்களிடமும் வழி இல்லை. 38 வயதில் மும்தாஜ் கண்மூடினாள்.

அன்று பிறந்த கவுஹர் ஆரா 1706 வரை வாழ்ந்தாள்.