கண்ணொளி அளந்த டாண்டர்ஸ்

உடலுறுப்புகள் பலவற்றுள்ளும் கண் தலைசிறந்தது. அதனைக் காக்கும் பணி இன்று ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. கண்ணில் தோன்றும் நோயை மருத்துவர் நீக்குகின்றார். பார்வைக் குறையை வேறொருவர் அளந்தறிகின்றார். அதற்கேற்ற கண்ணாடியை மற்றொருவர் அமைத்துத் தருகின்றார். இம்முப்பணிகளும் முறைப்பட வழி வகுத்த சான்றோருள் ஆலந்து நாட்டு அறிஞர் டாண்டர்ஸ் முதன்மையானவர்.

டாண்டர்ஸ் 1818-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் டில்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். எண்மர் பெண்மக்களுக்குப்பின் தோன்றிய ஆண்மகவு அவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். எனினும் கல்வியில் தளர்ந்தாரில்லை. பதினேழாம் வயதில் உத்ரெக்ட் நகரப் படைமருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1842-இல் அங்கேயே ஆசிரியரானார். 1847-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தார். செருமானிய மொழியில் இருந்த கண் மருத்துவ நூல் ஒன்றைத் தம் தாய்மொழியில் பெயர்த்தபோது, கண்ணைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் உள்ளம் ஆழ்ந்தது.

1851-இல் அவர் இலண்டன் மாநகர் சென்றார். அங்குச் செருமானியக் கண் மருத்துவர் கிரேபேயும் ஆங்கில அறிஞர் பௌமனும் அவருக்கு உற்ற நண்பராயினர். அதே ஆண்டில்தான் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஹெல்மோல்ட்ஸ் உலகிற்கு அறிவித்தார். கிரேபே அறுவை மருத்துவத்தில் ஒப்பற்று விளங்கினார். டாண்டர்ஸோ, நோயற்ற கண்ணும் தெளிவாகக் காணாமைக்குக் காரணம் யாதென ஆராயலானார்.

அந்நாளில் மக்கள் கண்ணாடியைக் கடைகளிலும் தெருவணிகரிடத்தும் தாமே போட்டுப் பார்த்து வாங்கினர். மருத்துவருள் பலர் கண்ணாடி கண்ணுக்குக் கேடு விளைக்கும் என அஞ்சினர். சிறிது நேரம் படித்தாலும் தைத்தாலும் கண் வலிக்கும் இளைஞர் பலர் இருந்தனர். அவர்தம் குறை தீராதெனக் கருதப்பட்டமையால், படிப்பையும் தொழிலையும் கைவிடுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது.

அவருட் பலருக்கு இருந்தது நோயன்று, தூரப்பார்வையே என்பதை டாண்டர்ஸ் நிறுவினார். கண்ணின் நீளம் குறைவாயின் ஒளிக்கதிர்கள் விழித்திரைக்கு அப்பால் குவியும். கண் ஓயாது முயன்று அக்குறையை ஈடுசெய்வதால் சோர்வுறும். தக்க குவிவில்லை அணிந்தால் அச்சோர்வு அகலும். முதுமையில் தோன்றும் வெள்ளெழுத்து இதனின் வேறானது என்பதையும், குழந்தைகளின் மாறுகண்ணுக்குத் தூரப்பார்வை ஒரு காரணமாதலையும் அவரே தெளிவுறுத்தினார். மருந்தும் கத்தியும் தீர்க்க இயலாத குறையை ஒரு சிறு கண்ணாடி தீர்த்தது. கைவிட்ட நூலையும் ஊசியையும் மக்கள் மீண்டும் ஏந்தினர்.

1858-இல் அவர் முயற்சியால் உத்ரெக்ட் நகரில் கண் மருத்துவமனை எழுந்தது. கண்ணாடி அளவைக் குத்துமதிப்பாகக் கூறாது, அளந்தே கூறவேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய துணைவர் ஸ்நெல்லன் 1862-இல் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் எழுத்துகள் கொண்ட பார்வை அட்டையை வெளியிட்டார். இன்றும் கண் சோதனை அறைகளில் அதன் வழிவந்த அட்டைகளைக் காணலாம். 1864-இல் டாண்டர்ஸின் பெருநூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் பார்வை அளத்தல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது; கண்ணாடி செய்வோர்க்கும் திட்டமான அளவு கிடைத்தது.

கண் மருத்துவத்தில் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், 1862-இல், உடலியல் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. இரு பணிகளையும் ஒருவரே செவ்வனே ஆற்றல் அரிதென உணர்ந்த அவர், நோயாளரைக் காணும் பொறுப்பைச் சிறுகச் சிறுக ஸ்நெல்லனிடம் ஒப்படைத்துத் தாம் ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1889-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் அவர் மறைந்தார்.

தமக்குரிய பணியைத் திறம்பட ஆற்றுவதும், பிறர்க்குரிய பணியை அவரிடமே விடுத்து மதிப்பதும் சான்றோர் இயல்பு. டாண்டர்ஸின் வாழ்வு அதற்கு நல்ல சான்றாகும்.