தீப்பொறியை நம்ப வைத்தவர்: ரொபேர்ட் பொஷ்

தண்ணீர் இறைக்கும் மெஷின், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, பழைய கார் என்று பெற்றோலில் ஓடும் எதை எடுத்தாலும் அதன் எஞ்சின் தலையில் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கும். கைக்குள் அடங்கும் சிறிய பொருள்தான். ஆனால் அது நேரத்துக்குப் பொறி விடாவிட்டால் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும், இழுவை குறையும், பெற்றோல் எரியாமலே புகைக்குழாயால் வெளியேறும்.

அந்தப் பொறியை நம்பக்கூடியதாக ஆக்கியதில் பெரும் பங்கு ஜேர்மனியரான ரொபேர்ட் பொஷ்ஷுக்கு உண்டு. இரண்டு உலகப் போர்களும் அவருடைய வாழ்நாளில் வந்தன. இரண்டிலும் அவருடைய தொழிற்சாலைகள் போருக்கு வேலை செய்தன. அதனால் வந்த மனச்சுமையும் அவருடைய கதையின் ஒரு பகுதி.

பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொராவது

1861 செப்டெம்பர் 23ஆம் திகதி, ஜேர்மனியின் தெற்கே ஊல்ம் நகருக்கு அருகிலுள்ள அல்பெக் கிராமத்தில் பிறந்தார் பொஷ். விவசாயமும் விடுதியும் நடத்திய குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகளில் அவர் பதினொராவது. பள்ளிப்படிப்பின் பின் ஊல்ம் நகரில் நுண்கருவி மெக்கானிக் வேலை பழகினார். பழக்கிய முதலாளி சரியாகக் கற்றுத்தரவில்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. பிற்காலத்தில் தன் தொழிற்சாலையில் பயிலுநர்களுக்கென்று தனிப் பட்டறை அமைத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்திலும், இங்கிலாந்தில் சீமென்ஸ் நிறுவனத்திலும் சில காலம் வேலை செய்தார். ஊர் திரும்பி, 1886 நவம்பர் 15ஆம் திகதி ஸ்ருட்காட் நகரில் சிறிய பட்டறை ஒன்றைத் திறந்தார். கூட இருந்தவர்கள் ஒரு மெக்கானிக்கும் எடுபிடி வேலைக்கு ஒரு பையனும்தான். தொலைபேசி இணைப்பு, மின்மணி என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார்கள். பல வருடங்கள் கடனோடுதான் கழிந்தன.

பொறி எங்கே பிழைத்தது?

1887இல் வாடிக்கையாளர் ஒருவருக்காக, ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சினுக்கு ஒரு மக்னெட்டோ செய்து கொடுத்தார். காந்தத்தின் உதவியால், பற்றரி இல்லாமலே மின்சாரம் உண்டாக்கிப் பொறி விடும் கருவி அது. 1897இல் அதே கருவியை டி டியோன் பூட்டோன் என்ற பிரெஞ்சு மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பொருத்தும் வேலை வந்தது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்காகச் செய்த கருவியை வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. பொஷ்ஷின் ஆட்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. அந்தக் குறைந்த அழுத்த மக்னெட்டோவில் பொறி உண்டாக, சிலிண்டருக்குள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரிய வேண்டும். நெருப்புக்குள் அசையும் பாகம் தேயும், கரி பிடிக்கும், பிழைக்கும். பொஷ் இந்த வேலையைத் தன் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட்டிடம் ஒப்படைத்தார். 1902இல் உயர் அழுத்த மக்னெட்டோவும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கும் வந்தன. பிளக் என்ற எண்ணம் புதிதல்ல. லெனுவார் என்பவர் 1860இலேயே தன் எஞ்சினில் அதைப் பயன்படுத்தியிருந்தார். ஹொனோல்ட்டின் சாதனை, வேகமாக ஓடும் எஞ்சினுக்குத் தாங்கி நிற்கும் முழு ஏற்பாடாக அதை ஆக்கியதுதான். சிலிண்டருக்குள் அசையும் பாகம் இனி இல்லை. இரண்டு முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி, அதைத் தாண்டும் பொறி, மின்சாரம் வேறு வழியால் கசியாமல் தடுக்கும் பீங்கான். அவ்வளவுதான்.

பிளக்கின் முகம் சொல்லும் கதை

அன்றிலிருந்து எஞ்சினின் நோயைப் பார்க்கும் வழியும் மாறியது. பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். இளம் கபிலம் அல்லது சாம்பல் நிறமென்றால் நல்ல சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம், காற்றுப் போதாது. காபரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. வெள்ளையாக வெந்து கொப்பளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் வெடிப்பு இருந்தால் பொறி முனைக்கு வராமல் பக்கத்தால் போய்விடும்.

கரி பிடித்த பிளக் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, வடக்கில் மோட்டார் சைக்கிள்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, முழுதாக எரியாமல் கரி விடும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரிவழியே இறங்கிவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அன்று பலருக்கும் பழகிய வேலை.

பிளக்கின் வெப்ப அளவு என்பதையும் பொஷ் நிறுவனமே 1920களில் வகுத்துத் தந்தது. முனை சுமார் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் படியும் கரி எரிந்து தானே சுத்தமாகும். 900 பாகையை நெருங்கினால் பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதனால் கடையில் மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. அந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட இலக்கமே வேண்டும்.

எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பிளக்குகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து மற்றச் சிலிண்டருக்குப் போனால் குற்றம் பிளக்கில். அதே சிலிண்டரில் நின்றால் வயர், கொயில், அமுக்கம் ஆகியவற்றைத் தேட வேண்டும். வெளியே பிடித்துப் பார்த்தபோது பொறி விட்டது என்பதற்காகப் பிளக் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது; சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும்போது அதே பிளக் பொறி விடாமல் போகலாம். இலத்திரனியல் முறையில் பொறி விடும் புதிய வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கவே வேண்டாம். மின் தாக்கும், கருவியும் பழுதாகும்.

போரும் இலாபமும்

மக்னெட்டோவால் பொஷ் பணக்காரரானார். 1906இல் தன் தொழிலாளருக்கு எட்டு மணிநேர வேலைநாளைக் கொண்டுவந்தார். அந்நாளில் ஜேர்மனியில் அது அரிது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் இராணுவ வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் அவருடைய மக்னெட்டோ தேவைப்பட்டது. கட்டடங்கள் சிலவற்றைக் காயப்பட்டோருக்கான மருத்துவமனையாக மாற்றிக் கொடுத்தார். போரால் வந்த இலாபம் தனக்கு வேண்டாம் என்ற எண்ணத்தில், அதில் பெரும் தொகையை நெக்கார் ஆற்றைக் கப்பல் போகும் வழியாக்கும் வேலைக்கும் பிற பொதுப்பணிகளுக்கும் கொடுத்தார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த அவருடைய கிளைகளை அந்த நாடுகள் பறிமுதல் செய்தன. 1921இல் நோயுற்றிருந்த மகனையும் இழந்தார்.

அதன்பின் பிரான்சும் ஜேர்மனியும் பகை மறக்க வேண்டும் என்று உழைத்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. ஆட்சியை எதிர்த்த கார்ல் கோர்டெலருக்கு நிறுவனத்தில் ஆலோசகர் பதவி கொடுத்து, அவருடைய இரகசிய வேலைக்குப் பக்கபலமாக நின்றார். யூதர்கள் தப்பிச்செல்லவும் அவருடைய வட்டத்தினர் உதவினர். நிறுவனத் தலைவர் ஹான்ஸ் வால்ஸை இஸ்ரேலின் யாட் வஷேம் 1969இல் கௌரவித்தது. கோர்டெலரை நாசிகள் 1945இல் தூக்கிலிட்டனர்.

ஆனால் அதே காலத்தில் பொஷ் தொழிற்சாலைகள் ஹிட்லரின் விமானங்களுக்கும் தாங்கிகளுக்கும் பாகங்கள் செய்துகொண்டிருந்தன. போர் முடியும்வரை சுமார் 20,000 கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். பிறநாட்டு மக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் அவர்களில் அடக்கம். 1942 மார்ச் 12ஆம் திகதி பொஷ் இறந்தபோது, அவர் வெறுத்த ஆட்சியே அரச மரியாதையோடு அவரை அடக்கம் செய்தது.

நிறுவனத்தின் இலாபம் பொதுநலத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இன்று அந்த நிறுவனத்தின் பங்குகளில் 90 வீதத்துக்கும் மேல் அவருடைய பெயரிலுள்ள அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஸ்ருட்காட்டில் அவர் தொடங்கிய மருத்துவமனையும் இயங்குகிறது. இந்த நன்மைகள் உண்மை. கட்டாயத் தொழிலாளரின் துன்பமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது. கரி பிடித்த பிளக்கைத் துடைத்து மாட்டினால் எஞ்சின் கொஞ்சத் தூரம் ஓடும். கரி எங்கிருந்து வந்தது என்று தேடாதவரை அது திரும்பவும் நிற்கும்.